பக்கத்து வீட்டு அம்மாவோடு ஒரு நாபே

கேள்வி: நானும் கணவரும் டோக்கியோவில் நிஷிகசாய் பகுதியில் இருக்கிறோம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, மீன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. கணவர் சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். பக்கத்து வீட்டு ஜப்பானிய அம்மா ஒருவர், ஒருநாள் தன் வீட்டில் சேர்ந்து சமைக்கலாமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். எனக்கு சூஷி, ராமென் என்று பெயர்தான் தெரியும். கணவர் சாப்பிட முடியாமல் போனால் அந்த அம்மாவின் மனம் சங்கடப்படுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: இனியும் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போய்ச் சரி என்று சொல்லிவிடுங்கள். தன் வீட்டு அடுப்படிக்கு ஒருவரைக் கூப்பிடுவது அங்கே லேசில் நடக்கிற காரியமில்லை, அதுவும் இரண்டு தரம் கேட்டிருக்கிறார் என்றால் உங்களை அவருக்கு நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் சரி சொல்லும்போதே கணவரின் சாப்பாட்டு விஷயத்தையும் உடைத்துச் சொல்லிவிட வேண்டும். பரிமாறிய பிறகு வேண்டாம் என்றால்தான் சமைத்தவருக்கு வலிக்கும், நாலு நாள் முன்னாலேயே சொல்லிவிட்டால் என்ன செய்யலாம் என்று யோசிக்க அவருக்கும் நேரம் கிடைக்கும்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் மீன் துண்டு இல்லையென்றாலே அது சைவம் என்று நினைப்பவர்கள் அங்கே நிறைய, அடியில் இருக்கும் தாஷி யாருக்கும் நினைவுக்கு வராது. தாஷிதான் ஜப்பானியச் சமையலின் ஆதாரமான சாறு. மிசோ என்கிற புளித்த சோயா விழுதில் வைக்கிற சூப், வேகவைத்த காய், ஊடோன் என்கிற தடித்த கோதுமை நூடுல்ஸ் என்று எதை எடுத்தாலும் அது இருக்கும், பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டுச் செய்ததாகவே இருக்கும். தூத்துக்குடிக்காரரான உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் காயவைக்கிற நம் மாசிக் கருவாட்டின் நெருங்கிய சொந்தம் அது, அங்கே காகிதம் மாதிரி சீவி விற்கிறார்கள். அதனால் அந்த அம்மாவிடம் "கட்சுவோ தாஷி மோ தபெராரேமசென்" என்று சொல்லுங்கள், மீன் சாறும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். முட்டைக்கு "தமாகோ மோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில்லாமல் போய்விடாது, புத்த மடங்களின் ஷோஜின் சமையல் மீனோ இறைச்சியோ இல்லாமல் நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது, அதற்கான சாறு கொம்பு என்கிற கடற்பாசியிலும் காய்ந்த ஷீடாகே காளானிலும் கிடைத்துவிடுகிறது.

என்ன சமைப்பது? முதல் நாள் சூஷி வேண்டாம், அது பெரும்பாலும் கடையில் சாப்பிடுகிற சாப்பாடு. நாபே செய்யுங்கள். மேசை நடுவில் சின்ன கேஸ் அடுப்பு, அதன் மேல் ஒரு மண்சட்டி, சுற்றி உட்கார்ந்து காயைப் போடுவதும் வெந்ததை எடுப்பதும் எல்லாருமாகச் சேர்ந்து. ஜப்பானிய மொழி தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சமையல் கிடையாது, ஏனென்றால் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும், பேச்சு நின்றுபோனாலும் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்.

சாற்றை நீங்களே செய்ய முன்வாருங்கள். ஷீடாகேயை முந்தின இரவே பச்சைத் தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு போதும். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும், மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள், ருசி அதிலும் இருக்கிறது. அரை மணி நேரம் ஊறட்டும், அப்புறம் சின்னத் தீ. அடியிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழ் எழும்பும்போதே கொம்பை எடுத்துவிட வேண்டும், கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். 1908-ல் டோக்கியோ பல்கலைக்கழக வேதியியலாளர் கிகுனாயே இகேடா குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தது இந்தக் கொம்புச் சாற்றிலிருந்துதான். காளான் ஊறிய தண்ணீரையும் வடிகட்டி இதில் சேர்த்தால் சாறு தயார்.

சீன முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட், நேகி வெங்காயம், டோஃபு, இரண்டு மூன்று வகைக் காளான், இவ்வளவு போதும். முள்ளங்கியும் கோஸின் தடித்த தண்டும் முதலில், இலைகள் கடைசியில். மிசோவை நேராகச் சட்டியில் போடாதீர்கள். கரண்டியில் எடுத்துப் பாதி முங்குகிற மாதிரி சாற்றில் வைத்துக்கொண்டு, சாப்ஸ்டிக்கால் கரண்டிக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும், அப்போதுதான் கட்டி தட்டாது. மிசோ விழுந்த பிறகு தளதளவென்று கொதிக்கக் கூடாது, வாசனை போய்விடும். இதை அந்த அம்மாவே செய்து காட்டட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடையில் வாங்கும்போது கவனம் வேண்டும். பாக்கெட்டில் வரும் நாபே சூப், தொட்டுக்கொள்ளும் பொன்சு என்கிற புளிப்புச் சாஸ், ஊடோனோடு வரும் குட்டிப் பொட்டலம், இவற்றில் மீனோ கோழியோ பெரும்பாலும் இருக்கும். மிசோவில்கூட 'தாஷி இரி', அதாவது தாஷி சேர்த்தது என்று ஒரு வகை உண்டு, அதை எடுக்காதீர்கள்.

உங்களுக்கு மீன் வேண்டுமே? உப்புப் போட்ட சால்மனை அடுப்போடு சேர்ந்த மீன் கிரில்லில் சுட்டுத் தனித் தட்டில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது, சட்டி முழுக்க கணவருக்கும் சேர்த்துச் சைவமாகவே இருக்கட்டும். அவருக்கென்று தனியாக ஒரு கிண்ணம் வைத்து ஓரமாக உட்கார வைக்காதீர்கள், ஒரே சட்டியில் எல்லாரும் சாப்பிடுவதுதான் நாபேயின் அழகே.

எடுப்பதற்குப் பொதுவான சாப்ஸ்டிக் ஒரு ஜோடி இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். உங்கள் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு எதையும் கைமாற்றாதீர்கள், தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். சோற்றில் சாப்ஸ்டிக்கைச் செங்குத்தாகக் குத்தி வைப்பதும் சாவு வீட்டு வழக்கம்.

காய் தீர்ந்ததும் எழுந்துவிடாதீர்கள். எல்லாக் காயும் வெந்து இறங்கிய அந்தச் சாறுதான் அன்றைக்கு ருசியின் உச்சம், அதில் ஊடோனையோ சோற்றையோ போட்டு முடிப்பார்கள். சோறு போட்டால் வழக்கமாக முட்டையும் அடித்து ஊற்றுவார்கள், அதனால் கணவருக்காக ஊடோனே போடச் சொல்லுங்கள், பொட்டலத்தில் இருக்கிற நூடுல்ஸ் மட்டும் போதும். கிளம்பும்போது அடுத்த தடவை உங்கள் வீட்டில் என்று நாளும் குறித்துவிடுங்கள், ரசம் எப்படி வைப்பது என்று அவர் கேட்காமல் இருக்க மாட்டார்.