கையூன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மானமும் உண்டு. போன வருடம் கும்பகோணத்திலிருந்து எங்களோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். "உழைத்தது போதும்" என்று ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் முன்பைவிடத் தளர்ந்துபோயிருக்கிறார். போன வாரம் பாத்ரூமில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடைப்பயிற்சிக்கு அனுப்பலாமா, முழு ஓய்வு கொடுக்கலாமா?

பதில்: முழு ஓய்வு வேண்டவே வேண்டாம். அம்மா தளர்ந்ததற்கு அந்த ஓய்வே ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். ஊரில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, கடைக்குப் போய்வந்து, நாளெல்லாம் உட்கார்ந்து எழுந்து கொண்டிருந்திருப்பார். தொடைக்கு அதுதான் பயிற்சி. இப்போது சோபாவும் கட்டிலும்தான். வயதானவர்களின் தசை சும்மா இருந்தால் வேகமாகக் கரையும். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது.

போன தசையைத் திரும்பக் கொண்டுவரவும் முடியும். 1990இல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் ஆனது. உங்கள் அம்மாவுக்கு 71தானே!

முதலில் ஒரு சின்னச் சோதனை. கைப்பிடி இல்லாத சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சோதனையே பயிற்சியும்கூட. காலையிலும் மாலையிலும் எட்டுப் பத்து தடவை. ஆரம்பத்தில் கையூன்றி எழட்டும், நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினால் முழங்காலுக்கும் சுலபம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. லேசான வலி வந்தால் பயப்பட வேண்டாம். தொடைத் தசை பலப்பட்டால் தேய்ந்த முழங்காலின் சுமையும் குறையும். மறுநாள் வலியோ வீக்கமோ கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அப்புறம், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து நிற்பது. சமநிலைக்கு இவை அவசியம்.

நடையும் வேண்டும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறையும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, வாரம் மூன்று நாளாவது சமநிலை, வலிமைப் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது பாதிதான். வெறும் நடை மட்டும் விழுவதைத் தடுக்காது.

தொடங்கும் முன் மருத்துவரை ஒருமுறை பாருங்கள், அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் தெரிய வேண்டும். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம், பாதத்தில் மரத்துப்போதல், கண்புரை, தூக்க மாத்திரை, இவற்றையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாளாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். நடக்கும்போது கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.

சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், தயிர், பழக்கமிருந்தால் முட்டை, இவை தினமும் வேண்டும். இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் தசை வளராது.

வீட்டு வேலையில் கொஞ்சத்தையும் அம்மாவிடமே திருப்பிக் கொடுங்கள். காய்கறி வாங்குவது, துணி உலர்த்துவது, எது அவருக்குப் பிடிக்குமோ அது. நாளைய எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.