ஞாயிற்றுக்கிழமைத் தேர்வும் எரிக் லிடிலின் தங்கமும்

கேள்வி: எனக்கு வயது 26. டியூஷன் எடுத்துக்கொண்டே இரண்டு வருடமாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இந்த முறை தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது. சபை வாலிபர் கூட்டத்தில் பேச வந்த போதகர், எரிக் லிடில் என்ற ஓட்டக்காரர் ஞாயிறு அன்று ஓட மறுத்ததையும், "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வசனத்தின்படி கர்த்தர் அவருக்கு வேறொரு பந்தயத்தில் தங்கம் கொடுத்ததையும் சொன்னார். அன்று முதல் படிப்பில் மனம் ஒட்டவில்லை. நான் இந்தத் தேர்வை விட்டுவிட்டால் கர்த்தர் இதைவிட நல்ல வேலை தருவாரா? அம்மாவின் நகையை அடகு வைத்து கோச்சிங் ஃபீஸ் கட்டிய அப்பா, "ஒழுங்காப் போய் எழுது" என்கிறார். அவர் பேச்சை மீறினால் பாவமா? எழுதி ஃபெயிலானால் அது தண்டனையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாசரேத்)

பதில்: சகோதரிக்கு, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறோம். எழுதித் தோற்றால் அது தண்டனை அல்ல. லட்சக்கணக்கானோர் சில ஆயிரம் இடங்களுக்குப் போட்டி போடும் தேர்வு அது. 200 கேள்விக்கு 300 மதிப்பெண். ஐந்து கேள்வி கை நழுவினால் ஏழரை மதிப்பெண் போய்விடும், ரேங்க் எங்கோ போய் நிற்கும். இதற்குத் தேவகோபம் தேவையில்லை.

இனி எரிக் லிடில். அவர் கதையை மேடையில் பத்து நிமிடத்தில் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்த பாதியில்தான் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் 100 மீட்டர் தகுதிச்சுற்று ஜூலை 6, ஞாயிறு. கடைசி நேரத்தில் தெரிந்து அவர் அதிர்ந்துபோனதாகச் சொல்வார்கள். உண்மையில் அட்டவணை பல மாதம் முன்பே வந்துவிட்டது. "ஓட மாட்டேன்" என்று அப்போதே சொல்லிவிட்டு, மீதி மாதங்களை 400 மீட்டர் பயிற்சிக்குக் கொடுத்தார். ஜூன் மாதம் இங்கிலாந்து சாம்பியன்ஷிப்பில் 440 கஜ ஓட்டத்தில் (ஏறத்தாழ 400 மீட்டர்) ஜெயித்துவிட்டுத்தான் பாரிஸ் போனார். ஜூலை 11 இறுதிப்போட்டியில் கடைசி வெளி லேன் அவருக்கு; மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்று பார்க்க முடியாத இடம். முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் கடந்தார், 47.6 விநாடியில் முடித்தார், புதிய ஒலிம்பிக் சாதனை. அதாவது, அந்தத் தங்கம் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. பல மாத உழைப்பு அதற்குள் இருந்தது.

போதகர் விட்டிருக்கக்கூடிய இன்னொன்று. ஞாயிறு காரணமாக லிடில் விட்டது 100 மீட்டரை மட்டும் அல்ல, இரண்டு தொடர் ஓட்டங்களையும் சேர்த்துத்தான். அவர் இல்லாமலே அவருடைய அணியான பிரிட்டன் ஒன்றில் வெள்ளியும் மற்றதில் வெண்கலமும் வாங்கியது. அவர் விட்ட 100 மீட்டரில் தங்கம் வாங்கியவர் ஹெரால்ட் ஏப்ரஹாம்ஸ். அந்தப் பதக்கங்களுக்கு ஈடாக லிடிலுக்கு எதுவும் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த வருடமே, 1925-ல், சீனாவில் தான் பிறந்த தியான்ஜின் நகருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 1943-ல், போர்க்காலத்தில், ஜப்பானியர்கள் அவரைச் சீனாவிலேயே வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். மூளைக்கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று, 43 வயதில், அங்கேயே இறந்தார். முகாம் விடுதலையாக இன்னும் ஆறு மாதம் இருந்தது. கனடாவில் பிறந்த மூன்றாவது மகளை அவர் பார்த்ததே இல்லை.

"கனம்பண்ணினால் கனம்பண்ணுவார்" என்பது கொடுக்கல் வாங்கல் கணக்கு என்றால், இந்த 1945-ஐ எந்தப் பத்தியில் எழுதுவது? தங்கம் கர்த்தர் தந்த கனம் என்றால், மருந்து கிடைக்காத முகாமின் மருத்துவமனைக் கட்டில் என்ன? லிடிலின் வாழ்க்கையில் பாரிஸ்தான் வெற்றி, மீதி எல்லாம் பின்குறிப்பு என்று படித்தால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது. அந்த முகாமில் அவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்தார். அதையும் வெற்றி என்று எண்ணத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வசனம் பிடிபடும்.

வசனத்தையும் அது இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 400 மீட்டர் இறுதி ஓட்டத்தன்று காலை, அணியின் மசாஜ்காரர் ஒருவர் லிடில் கையில் கொடுத்த துண்டுச்சீட்டில் அந்த வாக்கியமும் வெற்றிக்கான வாழ்த்தும் இருந்தன. அதனால்தான் அது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1 சாமுவேல் 2:30-ல் அது வாழ்த்து அல்ல, கண்டனம். ஆசாரியரான ஏலியின் மகன்கள் பலியின் கொழுப்பைத் தகனிக்கும் முன்பே பச்சை இறைச்சியைப் பலவந்தமாக எடுத்தார்கள். ஏலி கடிந்து ஒரு வார்த்தை சொன்னார், தடுக்கவில்லை. "என்னைப் பார்க்கிலும் உன் குமாரரை மதிப்பானேன்" என்று கேட்டுவிட்டுத்தான் கர்த்தர் இதைச் சொல்கிறார். பரிசு அறிவிப்பாக இதை மேடைகளில் நீட்டுவது எங்களுக்கு உவப்பாயில்லை.

இப்போது நீங்கள் எழுதலாமா என்ற கேள்வி. எழுதலாம் என்பது எங்கள் கருத்து. ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்றவர் இயேசு. உங்கள் சபையிலேயே ஞாயிறு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸும் பஸ் டிரைவரும் இருப்பார்கள்; அவர்களை யாரும் குற்றம் சொல்வதில்லை. (அறுப்பின் பண்டிகை ஏலம் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு நடக்கும் சபைகளும் உண்டு, அதைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை.) ஆனால் ரோமர் 14-ஐ உட்கார்ந்து படியுங்கள். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாளையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் முழு நிச்சயத்தோடு இருக்கட்டும் என்கிறார் பவுல். எங்கள் கருத்து உங்கள் மனச்சாட்சிக்கு மாற்று ஆகாது. எழுதுவது தவறு என்று உள்ளுக்குள் உறுதியாகப் பட்டால் எழுதாதீர்கள். ஆனால் "விட்டால் பெரிசாகக் கிடைக்கும்" என்பது மனச்சாட்சி இல்லை. அது தேவனைப் பரீட்சை பார்ப்பது.

சோதிக்க ஒரு வழி: பதிலாக எந்த வேலையும் கிடைக்காது, 30 வயதிலும் டியூஷன் எடுத்துக்கொண்டே இருப்பீர்கள் என்று இப்போதே தெரிந்தால் அப்போதும் தேர்வை விடுவீர்களா? ஆம் என்றால் அது கீழ்ப்படிதல். தானியேல் 3-ல் சிலையை வணங்க மறுத்துச் சூளைக்கு முன்னால் நின்ற மூவரும், தேவன் "விடுவிக்காமற்போனாலும்" வணங்கமாட்டோம் என்று சேர்த்துச் சொன்னது இதைத்தான். இல்லை என்றால், ஹால் டிக்கெட்டை டவுன்லோட் செய்யுங்கள்.

வேலையையும் யோசியுங்கள். குரூப் 4-ல் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பணியும் இருக்கிறது. வாக்காளர் பட்டியல் சிறப்பு முகாம்கள் சனி, ஞாயிறுகளில்தான் நடக்கும். வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை. மூன்று மணி நேரத் தேர்வு கூடாது என்றால், பணியில் சேர்ந்தபின் அந்த ஞாயிறுகளுக்கு என்ன பதில்? இதற்குப் பதில் இல்லாத தீர்மானம் ஆறு மாதத்தில் உடையும்.

லிடிலே இதில் கல்லாக நிற்கவில்லை. முகாமில் பிள்ளைகள் ஞாயிறு ஹாக்கி ஆட ஆசைப்பட்டபோது முதலில் அவர் சேரவில்லை. நடுவர் இல்லாத ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். தங்கத்துக்காக ஓடாதவர், அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காக இறங்கி வந்தார். வாலிபர் கூட்டங்களில் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்பா விஷயம். அவர் லஞ்சம் கொடுக்கவோ பொய்ச் சான்றிதழ் வைக்கவோ சொல்லவில்லை. தேர்வு எழுதச் சொல்கிறார். 26 வயதில் முடிவு உங்களுடையது. அதை அவர் முகம் பார்த்துச் சொல்ல வேண்டிய கடனும் உங்களுடையது. மாற்கு 7-ல், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லி நழுவியவர்களை இயேசு கண்டித்தார். "கர்த்தருக்காக விட்டுவிட்டேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டு, நகைக் கடன் வட்டியை அப்பா தனியாகக் கட்டினால் அதே தவறுதான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இந்த வாரம் அடகுச் சீட்டை வாங்கிப் பாருங்கள்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தவணை தேதி என்ன. டியூஷன் பணத்தில் மாத வட்டியையாவது நீங்கள் கட்டுங்கள். பெற்றோரைக் கனம்பண்ணுவது உங்கள் வீட்டில் இப்போதைக்கு அந்தச் சீட்டில் இருக்கிறது.

முடிவுக்கு ஒரு தேதி குறியுங்கள், தேர்வுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாக. கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைப்பதும், வாக்குத்தத்த அட்டை எடுப்பதும் வேண்டாம். "பாஸானால் முதல் சம்பளம் ஆலயத்துக்கு" என்ற பொருத்தனையும் வேண்டாம். கொடுக்க மனமிருந்தால் பாஸாகாவிட்டாலும் டியூஷன் பணத்தில் கொடுக்கலாமே. இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நடுவில் நிற்பவர்கள்தான்: முதல் நாள் இரவு வரை முடிவெடுக்காமல், பாதி மனதோடு போய் உட்கார்ந்து, தெரியாத கேள்வி ஒவ்வொன்றையும் தண்டனையாக நினைத்து, தெரிந்ததையும் தப்பாகக் குறிப்பார்கள்.

எழுதுவதானால்: 9.30-க்குத் தொடங்கும் தேர்வுக்கு 9 மணிக்கு மேல் வாசலில் விடமாட்டார்கள். மையம் எந்த ஊர் என்று பார்த்துவிட்டு, அந்த ஊர்ச் சபையில் அதிகாலை ஆராதனை உண்டா என்று விசாரியுங்கள். நேரம் இடித்தால் மாலை ஆராதனை. ஆயரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், ஒளிந்து போகாதீர்கள்.

எழுதாவிட்டால்: லிடில் செய்த மாதிரி முன்கூட்டியே சொல்லுங்கள், மாற்றுப் பந்தயத்துக்கும் தயாராகுங்கள். டி.என்.பி.எஸ்.சி. உங்களுக்காகத் தேதியை மாற்றாது; அதற்கு மனு போட்டு நாளைக் கழிக்க வேண்டாம். மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி.யின் கணினித் தேர்வுகள் பல நாள், பல ஷிஃப்ட்டாக நடக்கின்றன. வார நாளில் எழுத நல்ல வாய்ப்பு உண்டு. பாடத்திட்டம் வேறு, குறிப்பாக ஆங்கிலமும் கணக்கும். அதற்கான புத்தகத்தை இப்போதே வாங்குங்கள். எழுதப் போகும் தோழிகளிடம் முகம் சுளிக்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் நாளை உங்களுக்கு வேலை கிடைத்தால், சபையில் சாட்சி சொல்ல மைக் கொடுப்பார்கள். கர்த்தர் செய்ததைச் சொல்லுங்கள். எத்தனை மாதம் படித்தீர்கள், நகை எந்த வங்கியில் இருந்தது, எத்தனை முறை கட்-ஆஃப் தவறியது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். கீழே பெஞ்சில், மூன்றாவது முறை தோற்றுவிட்டு வந்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும்.