வைஃபையும் எல்டிஇயும் ஒரே சேனலில்: சோதனை குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு உரிமமே தேவையில்லையே? கைபேசி நிறுவனங்கள் அங்கே வந்ததும் ஏன் அத்தனை சர்ச்சை?

பதில்: வைஃபை, சேனல் காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே அனுப்பும். 4ஜி கைபேசித் தொழில்நுட்பமான எல்டிஇயோ ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையில், கோபுரம் வகுத்த கால அட்டவணைப்படி அனுப்பிப் பழகியது. அமெரிக்காவில் வெரைசன், குவால்காம் முதலிய நிறுவனங்கள் 2014இல் கூடி உருவாக்கிய எல்டிஇ-யு, அதாவது உரிமமற்ற அலைக்கற்றைக்கான எல்டிஇ, ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு அனுப்பாமல், நெரிசலை அளந்து அதற்கேற்பச் சிறிது நேரம் அனுப்பி, சிறிது நேரம் ஓயும். ஓய்வு முடிந்து அது திரும்பும் நொடியில் வைஃபை பாதிச் செய்தியில் இருந்தால் மோதல்தான்.

கேள்வி: பாதிப்பு இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

பதில்: பாதிப்பே இருக்கக் கூடாது என்று யாரும் கேட்கவில்லை, இன்னொரு வைஃபை வந்திருந்தால் நேரும் பாதிப்பைவிட அதிகமாகக் கூடாது என்பதே அளவுகோல். ஆகவே முதலில் இரண்டு வைஃபை வலையமைப்புகளை ஒரே சேனலில் இயக்கி, வேகத்தையும் தாமதத்தையும் பதிவு செய்துகொண்டு, பிறகு ஒன்றை எடுத்துவிட்டு அதனிடத்தில் எல்டிஇயை வைத்து மீண்டும் அளக்கிறோம்.

கேள்வி: அப்படியானால் கருத்து வேறுபாடு எங்கே வந்தது?

பதில்: எந்த சிக்னல் அளவில் சோதிப்பது என்பதில்தான். வைஃபை, இன்னொரு வைஃபை செய்தியின் தொடக்கத்தில் வரும் முகப்புக் குறியை மைனஸ் 82 டிபிஎம் அளவிலேயே அடையாளம் கண்டு ஒதுங்கிவிடும். டிபிஎம் என்பது சிக்னல் திறனின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் பலவீனம். அடையாளம் தெரியாத சிக்னலாயின், மைனஸ் 62 டிபிஎம்மை எட்டினால்தான் ஒதுங்கும். இடையிலுள்ள 20 டெசிபெல் என்பது திறனில் நூறு மடங்கு. இந்த இடைவெளியில் எல்டிஇ ஒலித்தால் வைஃபை அதைப் பொருட்படுத்தாமல் மேலேயே அனுப்பும், இரண்டும் கெடும். கருவிகளை அருகருகே வைத்து வலுவான சிக்னலில் மட்டும் சோதித்து வாங்கிய நற்சான்றிதழை நான் மதிப்பதில்லை.

கேள்வி: பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. வைஃபை நிலையம் (ரவுட்டர்) தன் இருப்பை அறிவிக்கும் பீக்கனை வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்டிஇயின் அனுப்பும் நேரம் அதன்மீது திரும்பத் திரும்ப விழுந்தால், புதிய கருவி இணையவே தடுமாறும். சராசரி வேகக் கணக்கில் இது தெரியாது. குரல் அழைப்பின் தாமதத்தையும் தனியே பாருங்கள்.

கேள்வி: ஆய்வகத்திலா, வெளியிலா?

பதில்: கேபிளும், சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டெனுவேட்டரும் கொண்டு ஆய்வகத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் அதே முடிவை மறுபடி பெற முடியும். ஒன்றையொன்று கேளாத இரு நிலையங்களுக்கு நடுவே கருவி சிக்கும் நிலையையும் அங்கேயே அமைத்துவிடலாம்.

கேள்வி: இறுதியில் என்ன ஆயிற்று?

பதில்: வைஃபை கருவிகளுக்குச் சான்றளிக்கும் தொழில் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2016 செப்டம்பரில் சோதனைத் திட்டத்தை வெளியிட்டது, அது கட்டாயமல்ல. 2017 பிப்ரவரியில் எரிக்சன், நோக்கியா நிறுவனங்களின் எல்டிஇ-யு கருவிகளுக்கு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி அளித்தது. ஆயினும், கேட்டுவிட்டே அனுப்பும் எல்ஏஏ என்ற இன்னொரு எல்டிஇ முறைதான் பிறகு முன்னேறியது. ஐரோப்பிய விதிகள் அவ்வாறு கேட்பதை முன்பே வலியுறுத்தியிருந்தன.