பட்டாசலில் போகிற குட்டி

கேள்வி: எங்கள் இரண்டு மாதக் கன்னி இன நாய்க்குட்டி, புறவாசலில் சும்மா சுற்றிவிட்டு, உள்ளே வந்ததும் பட்டாசலில் (வீட்டுக் கூடத்தில்) அசிங்கம் செய்துவிடுகிறது. மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொல்கிறார் அம்மா.
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தேய்க்க வேண்டாம்மா, நான் சொன்னதாகவே அம்மாவிடம் சொல்லுங்கள். உங்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் அதற்குப் புரியும். அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும். இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க வராது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிப்போய் ஒரே இடத்தில் விடுங்கள். வாழை மரத்தடி என்றால் தினமும் அங்கேதான். கொஞ்சாமல், பேசாமல் நில்லுங்கள். தரையை மோந்து வட்டமடித்துக் குந்தும். முடித்த கையோடு அவித்த முட்டையில் ஒரு துண்டு. பட்டாசலை வினிகர் கலந்த தண்ணீரில் துடையுங்கள், வாடை போகாமல் இருந்தால் திரும்ப அங்கேயே வரும். தடுப்பூசி முடியும்வரை தெரு வேண்டாம், பார்வோ என்கிற வைரஸ் நோய் பொல்லாதது.