சொல்லாத கோபம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். எட்டு மாதமாக நானே வாரம் ஒருமுறை தெரபிக்குப் போகிறேன். எனக்குப் பயிற்சி அளித்து, இன்றும் என் சூப்பர்வைசராக, அதாவது நான் கிளையண்ட்களைக் கையாளும் விதத்தை மேற்பார்வையிடுபவராக, இருக்கும் மூத்தவரிடம்தான். பாதிக் கட்டணமே வாங்குகிறார். என் கிளையண்ட்களிடம் இதை மறைப்பது ஏமாற்றா? தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாதவள் பிறருக்கு என்ன செய்துவிட முடியும் என்று இரவில் தோன்றுகிறது. எனக்கு எது பொருந்தும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடியா, ஆழ்மனத்தைத் தோண்டும் உளப்பகுப்பாய்வா?

எம்.

அன்புள்ள எம்,

ஏமாற்று இல்லை. முடிதிருத்துபவர் தன் பின்னந்தலையைத் தானே வெட்டிக்கொள்வதில்லை. கிளையண்ட் நேரடியாகக் கேட்டால் 'ஆமாம், போகிறேன்' என்று சொல்லிவிட்டு, அதைக் கேட்க ஏன் தோன்றியது என்று அவரிடம் கேளுங்கள். அதற்கு மேல் விளக்கினால் அவருடைய நேரத்தில் உங்கள் கதை ஓடும். இரவில் வரும் அந்த எண்ணத்தை எனக்கு எழுதாதீர்கள், செஷனுக்குக் கொண்டுபோங்கள். சிபிடியா மற்றதா என்பதெல்லாம் பிறகு.

நீங்கள் கேள்வியாகக்கூட எழுப்பாத ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசரிடமே தெரபி! ஒரு கிளையண்ட் தன் மேலதிகாரியிடம் இப்படிப் போவதாகச் சொன்னால் விட்டுவிடுவீர்களா?

சில நாட்களாக ஃபெரென்சியின் நினைவாகவே இருக்கிறேன். புடாபெஸ்ட் மருத்துவர், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃப்ராய்டின் அணுக்கத் தோழர். 1914லும் 1916லும் மூன்று துண்டுகளாக, மொத்தமாகவே சில வாரங்கள், ஃப்ராய்டின் சாய்விருக்கையில் பகுப்பாய்வுக்குப் படுத்தார். அதே ஃப்ராய்ட்தான் அவருக்கு ஆசிரியர், இயக்கத்தின் தலைவர், ஏறக்குறைய கல்யாணத் தரகரும்கூட. ஃபெரென்சி கிஸெல்லா என்ற பெண்ணுக்கும் அவர் மகள் எல்மாவுக்கும் இடையே தத்தளித்தபோது, தாயையே மணக்கும்படி தள்ளியவர் ஃப்ராய்ட். 1919ல் கல்யாணம் ஆனது. பல ஆண்டுகள் கழித்து ஃபெரென்சியிடமிருந்து குற்றச்சாட்டு வந்தது: என்னுள் உங்கள் மேல் இருந்த பகையை நீங்கள் தொடவே இல்லை. ஃபெரென்சி 1933ல் இறந்தார். 1937ல் ஒரு கட்டுரையில், பெயர் சொல்லாமல், ஃப்ராய்ட் பதில் எழுதினார். அன்று அந்தப் பகைக்கு அறிகுறியே இல்லை, அதைக் கிளப்புவதென்றால் நிஜமாகவே கடுமையாக நடந்திருக்க வேண்டும் என்று.

அறிகுறி எப்படி இருக்கும்? யாரிடம் கோபப்பட வேண்டுமோ அவர் கையில்தான் தொழிலும் கல்யாணமும்.

ஆனால் சிகிச்சையாளர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்கப்படாமல் மறுபடி பகுப்பாய்வுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும் அதே கட்டுரைதான். எக்ஸ்ரே கருவியோடு புழங்குபவர்களுக்கு வரும் ஆபத்து இவர்களுக்கும் உண்டு என்கிறார். இத்தனை சொன்னவர் யாருடைய சாய்விருக்கையிலும் முறையாகப் படுத்ததில்லை. 1909ல் அமெரிக்கப் பயணத்தில் தன் கனவைப் பற்றி மேற்கொண்டு சொல்ல மறுத்து, அதிகாரத்தை இழக்க முடியாது என்றாராம். இது அந்தப் பயணத்தில் உடன் சென்ற சக பகுப்பாய்வாளர் யுங் சொன்ன கதை. சொந்த மகள் அன்னாவை 1918லிருந்து அவரே பகுத்தாய்ந்த கூத்தும் நடந்தது.

1920ல் தொடங்கிய பெர்லின் பகுப்பாய்வு நிலையத்தில் பயிற்சிப் பகுப்பாய்வு, அதாவது பகுப்பாய்வாளராக விரும்பும் மாணவர் தானும் பகுப்பாய்வுக்கு உட்படுவது, ஒரு முறையாக உருவானது. அந்த வழியில் வந்த பல நிலையங்களில், மாணவரின் அந்தரங்கத்தைக் கேட்டவரே அவர் தேறினாரா என்றும் அறிக்கை கொடுத்தார். விளைவு, மாணவர்கள் நல்ல பிள்ளையாகப் படுத்து, நல்ல பிள்ளையாக எழுந்தார்கள். பின்னாளில் பல இடங்களில் அந்த அறிக்கையை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் எட்டு மாதத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒருமுறையாவது அவரிடம் எரிச்சல்பட்டீர்களா? அவர் தாமதமாக வந்தபோது, கொட்டாவி விட்டபோது? பாதிக் கட்டணம் நன்றிக்கடனாக மாறும். நன்றிக்கடன் உள்ள இடத்தில் கோபம் வாய்க்கு வராது, தலைவலியாகவோ மறந்துபோன செஷனாகவோ வரும். இன்னொன்று, நம் தொழிலில் இருப்பவர்கள் தெரபியில் ஒளிந்துகொள்ளும் விதம். தன் அழுகைக்குத் தானே பெயர் சூட்டிவிடுவார்கள்: 'இது டிரான்ஸ்ஃபரன்ஸ்' (பழைய உறவின் உணர்வைச் சிகிச்சையாளர் மேல் ஏற்றுவது), 'இது என் அட்டாச்மென்ட் பிரச்சினை' (நெருக்கமான உறவில் வரும் சிக்கல்). எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். இரண்டு நிபுணர்கள் மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல ஐம்பது நிமிடம் போய்விடும். அல்லது கிளையண்டின் கதையைக் கொண்டுவருவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அது ஓடினால் நீங்கள் அறையில் இல்லை என்று பொருள்.

சூப்பர்விஷனில் பேசுபொருள் கிளையண்ட். உங்கள் கலக்கம் அந்தக் கிளையண்டைப் பாதிக்கும் அளவுக்குத்தான் அங்கே வரலாம். மிச்சமெல்லாம் வேறொருவரிடம்.

ஆகவே இரண்டையும் பிரியுங்கள். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்; இரண்டு மூன்று செஷன் எடுத்து, ஏன் பிரிகிறேன் என்பதை அவரிடமே பேசி முடியுங்கள். எட்டு மாதத்தில் வராத கோபம் அங்கே வரலாம், வரட்டும். சூப்பர்விஷனுக்கு அவரிடமே போவதா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம். தெரபிக்கு வேறு ஊரில் ஆள் பாருங்கள், இணையவழியிலும் ஆகும். கட்டுப்படியாகும் கட்டணமாகப் பேசிக்கொள்ளுங்கள், சலுகையாக வேண்டாம். முதல் நாளே உங்கள் தொழிலைச் சொல்லிவிட்டு, உங்கள் சூப்பர்வைசரை அவருக்குத் தெரியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.