மேக்பெத் கையில் வாளைக் கொடுத்தால் சாமுராய் ஆகிவிடுவானா?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் சார். பழைய மேடைத் துன்பியல் நாடகம் ஒன்றைச் சாமுராய் படமாகத் தழுவி, கதைச்சுருக்கமும் பத்து நிமிடக் காட்சி ஒன்றும் எழுதித் தர வேண்டும் என்பது செமஸ்டர் வேலை. நான் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’தை எடுத்துக்கொண்டேன். கதையை எடோ காலத்தில் வைத்து, டங்கன் மன்னனை ஷோகன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) ஆக்கி, குத்துவாளைக் கட்டானா என்ற சாமுராய் வாளாக மாற்றி, தனிமொழிகளை எல்லாம் வாய்ஸ் ஓவராக வைத்தேன். “உடுப்பு மட்டும்தான் மாறியிருக்கு” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தனிமொழிகளை என்ன செய்வது? மூன்று சூனியக்காரிகளை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? எவ்வளவு மாற்றினால் அது ‘மேக்பெத்’ இல்லாமல் போய்விடும்?

பதில்: தனிமொழியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு முன்பே ஒன்று இடிக்கிறது. அது எடோ.

1603இல் தொகுகவா இயேயசு ஷோகன் ஆனதிலிருந்து 1868 வரை நீள்வதுதான் எடோ காலம். அதில் பெரும்பகுதி அமைதி. சாமுராய்களில் பலர் அரிசியாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு கணக்கெழுதிய அதிகாரிகள். ஒரு தளபதி வீட்டுக்கு ஷோகன் விருந்தாளியாக வருகிறார், ராத்திரி அவரைக் கொன்றுவிட்டுத் தளபதி அவர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான் என்றால் ஜப்பானிய வரலாறு கொஞ்சம் தெரிந்தவர்கூட நம்பமாட்டார். நூறு வருடம் பின்னால் போங்கள். 15ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நடந்த உள்நாட்டுப் போர்க் காலத்தை செங்கோகு என்கிறார்கள். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது அங்கே அன்றாடச் செய்தி. 1582இல் கியோட்டோவின் ஹொன்னோ-ஜி கோயிலில் தங்கியிருந்த போர்த்தலைவர் ஓடா நொபுனாகாவைச் சூழ்ந்துகொண்டு அவர் கதையை முடித்தவர் அவருடைய சொந்தத் தளபதி அகேச்சி மிட்சுஹிதே. மேக்பெத்துக்குப் பொருத்தமான ஊர் இதுதான்.

ஆனால் இங்கே வந்ததும் புதுச் சிக்கல் ஒன்று முளைக்கும். உங்கள் ஆசிரியர் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஷேக்ஸ்பியரின் ஸ்காட்லாந்தில் அரசனைக் கொல்வது இயற்கைக்கே எதிரான பாவம். டங்கன் செத்த மறுநாள் பகலிலேயே இருட்டுகிறது, அவருடைய குதிரைகள் ஒன்றையொன்று கடித்துத் தின்கின்றன. டங்கன் எனக்கு உறவினன், எனக்கு அரசன், என் வீட்டு விருந்தாளி என்று கொலைக்கு முன் மேக்பெத் தன்னையே உலுக்கிக்கொள்கிறான். செங்கோகுவிலோ தலைவனைக் கொன்றவன் அடுத்த தலைவன், அவ்வளவுதான். பாவமே இல்லாத இடத்தில் துன்பியல் எங்கிருந்து வரும்? இதற்கு விடை கண்டுபிடிக்காமல் எழுதினால் கட்டானா, கிமோனோ எல்லாம் வாடகை உடுப்பாகத்தான் தெரியும்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா ‘மேக்பெத்’தைத் தழுவி 1957இல் எடுத்த ‘குமோனோசு ஜோ’வை (வெளிநாடுகளில் ‘த்ரோன் ஆஃப் பிளட்’) இந்த ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். வாஷிசு என்ற தளபதியாக தொஷிரோ மிஃபுனே, அவன் மனைவி அசாஜியாக இசுசு யமாடா. டங்கனுக்கு ஈடான பிரபு குனிஹாரு நல்லவர் இல்லை. அவரும் தன் தலைவரைக் கொன்றுதான் அந்த இடத்துக்கு வந்தவர். அசாஜி இதைக் கணவனுக்கு நினைவுபடுத்துகிறாள். அதோடு விடவில்லை. நீ தலைவனாவாய் என்று காட்டில் ஓர் ஆவி சொன்ன ஆருடத்தை, கூட இருந்து கேட்ட உன் நண்பன் மிகி பிரபுவிடம் சொல்லிவிட்டால் உன் கதி என்ன என்கிறாள். வேட்டைக்கு வருவதுபோலப் பிரபு படையோடு வந்து இறங்குகிறார். எதிரியைத் தாக்கப்போகிறேன், நீதான் முன்னணிப் படைக்குத் தலைவன் என்று வாஷிசுவிடம் சொல்கிறார். வாஷிசு பூரித்துப்போகிறான். முன்னணியில் நின்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் அம்பு வரும், மிகி மட்டும் கோட்டையில் பத்திரமாக இருப்பான், புரியவில்லையா என்கிறாள் அசாஜி. கௌரவமும் கொலைத் திட்டமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கிற உலகம் அது. சந்தேகப்படாதவன் அங்கே பிழைக்க முடியாது, சந்தேகப்பட்டவனும் பிழைக்க முடியாது. பாவத்தின் இடத்துக்கு குரோசவா கொண்டுவந்தது இந்தப் பொறியை.

இதை ஒத்துக்கொண்ட பிறகு கிளைமாக்ஸ் தானாகவே மாறுகிறது. நாடகத்தில் மக்டஃப் என்ற பிரபு வந்து மேக்பெத்தைக் கொல்கிறான், உரிமையுள்ள வாரிசு அரியணை ஏறுகிறான், நாடு தேறுகிறது. படத்தில் வாஷிசுவைக் கொல்வது அவனுடைய வில்லாளிகளே. அவன் தலைவனுக்குச் செய்ததை அவன் ஆட்கள் அவனுக்குச் செய்கிறார்கள். அம்பு மழைக்கு நடுவே மரத் தளத்தில் அங்கும் இங்கும் ஓடி, கழுத்தில் அம்பு பாய்ந்து, படி இறங்கி, வாளை உருவப் பார்த்தபடி ஆட்கள் முன்னால் வந்து விழுகிறான். சாமுராய் படம் என்றால் எதிர்பார்க்கிற வாள் சண்டையும் கிடையாது, தானே வயிற்றைக் கிழித்துச் சாகும் ஹராகிரியும் கிடையாது. மானமாகச் சாகும் வழியைக்கூட அவனுக்கு விட்டுவைக்கவில்லை. (மிஃபுனேயைச் சுற்றிப் பாய்ந்தவை வில்லாளிகள் எய்த நிஜ அம்புகள். அந்த முகத்தில் தெரிகிற பயத்தில் நடிப்பு எவ்வளவு என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.) மக்டஃபின் குடும்பக் கொலை, இங்கிலாந்துக் காட்சி, தாய் வயிற்றைக் கிழித்துப் பிறந்தவன் என்ற புதிர் எல்லாமே போய்விட்டன. உங்கள் கதைச்சுருக்கத்தில் இவை மூன்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். எடுத்துப் பாருங்கள், ஏதாவது இடிந்து விழுகிறதா என்று.

சரி, தனிமொழிகள். வாய்ஸ் ஓவரைத் தூக்கிவிடுங்கள். மேடையில் தனிமொழி நிற்பதற்குக் காரணம், நடிகன் நம்மைப் பார்த்து நேராகப் பேசுகிறான் என்பதுதான். திரையில் அது முகத்தின் மேல் ஒட்டிய விளக்கவுரை ஆகிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் வரிகளில் கிட்டத்தட்ட எதுவுமே குரோசவா படத்தில் இல்லை. ஒவ்வொரு தனிமொழியும் செய்த வேலையை மட்டும் எடுத்து வேறு யாரிடமாவது, வேறு எதனிடமாவது ஒப்படைத்துவிடுகிறார். யோசனையாக இருந்ததெல்லாம் அசாஜியோடு நடக்கும் வாக்குவாதம் ஆகிறது. குழப்பம் வெளியே நிலமாகிறது. ஆருடம் கேட்டபின் வாஷிசுவும் மிகியும் பனிமூட்டத்தில் குதிரையோட்டி வழி தேடுவதைப் பாருங்கள்: கேமராவை நோக்கி வருகிறார்கள், திரும்புகிறார்கள், மறைகிறார்கள், மறுபடி வருகிறார்கள். பார்க்கிற நமக்குப் பொறுமை போகிற அளவுக்கு இது நீள்கிறது. வேண்டுமென்றேதான். மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் சொல்லவே இல்லை.

கொலை இரவுதான் உங்கள் பத்து நிமிடத்துக்குப் பாடம். அந்தத் தம்பதி தூங்க வந்திருக்கும் அறை முன்பு ஒரு துரோகி வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்த அறை. ரத்தக்கறை எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று வேலையாட்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டாயிற்று. லேடி மேக்பெத்தின் கையில் கடைசியில் வரப்போகும் கறை இங்கே சுவரிலும் தரையிலும் முன்கூட்டியே காத்திருக்கிறது. அசாஜி மயக்க மருந்து கலந்த சாக்கே மதுவை எடுக்கப் போகிறாள். கதவுக்கு அப்பால் இருட்டு. அதில் அப்படியே கரைந்துபோகிறாள், பிறகு கையில் ஜாடியோடு அதே இருட்டிலிருந்து வெளிப்படுகிறாள். கேட்பது பட்டுத்துணி தரையில் உரசும் சத்தம் மட்டும். வாஷிசு ஈட்டியோடு போனபின் கேமரா அவன் பின்னால் போகவே இல்லை. அசாஜியுடன் உட்கார்ந்திருக்கிறது. அவள் அந்தக் கறையைத் திரும்பிப் பார்க்கிறாள், சட்டென்று எழுந்து நடனம் மாதிரி ஓர் ஓட்டம் ஓடுகிறாள். கொலையை நாம் பார்ப்பதில்லை. திரும்பி வருகிறவனின் கைகள் ஈட்டியோடு இறுகிக் கிடக்கின்றன. அவள் வந்து பிடுங்க வேண்டியிருக்கிறது. ஈட்டியைக் காவலர்கள் கையில் திணித்துவிட்டு வந்து கையைக் கழுவுகிறாள். நாடகத்தில் கொலைக்கு முன் மேக்பெத் பேசும் குத்துவாள் தனிமொழி, கொலைக்குப் பிறகு வரும் பதற்றப் பேச்சு இரண்டும் இதில் அடக்கம். வசனம் என்று பார்த்தால் ஏறக்குறைய இல்லை. குத்துவாளுக்குப் பதில் ஈட்டி என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், கட்டானா கட்டாயமில்லை.

இந்த அசைவும் அசையாமையும் குரோசவா சும்மா பிடித்தவை இல்லை. ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடக மரபிலிருந்து எடுத்தவை. படப்பிடிப்புக்கு முன் முக்கிய நடிகர்களுக்கு ஆளுக்கொரு ‘நோ’ முகமூடியைக் காட்டி, இதுதான் உங்கள் பாத்திரம் என்று சொல்லியிருக்கிறார். மிஃபுனேக்குப் போர்வீரன் முகமூடி, யமாடாவுக்குப் புத்தி பேதலிக்கப்போகும் பெண்ணின் முகமூடி. அதனால்தான் உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போதுகூட க்ளோஸப்புக்குத் தாவாமல் முழு உடலும் தெரியும்படி தள்ளி நின்றே எடுத்தார். ஒரு மேடை நாடகத்தைச் சினிமாவாக்க இன்னொரு மேடை மரபைத் துணைக்கு அழைத்தார் என்பது முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். ஆனால் பேச்சு போன இடத்தை நிரப்ப ஏதாவது ஒழுங்கு வேண்டுமே. வெறும் மௌனம் வைத்தால் நடிகர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். நீங்களும் ‘நோ’தான் எடுக்க வேண்டும் என்றில்லை. தேநீர்ச் சடங்கு, வில் பயிற்சி என்று கை, கால், மூச்சு மூன்றையும் கட்டுப்படுத்தும் ஜப்பானியப் பழக்கம் ஒன்றை ஆழமாகத் தெரிந்துகொண்டு அதன்மேல் காட்சியைக் கட்டுங்கள்.

சூனியக்காரிகள் சுருக்கமாக. அப்படியே வைக்காதீர்கள். கொப்பரையைச் சுற்றும் மூன்று கிழவிகள் ஐரோப்பிய நம்பிக்கை. குரோசவா ஒரே ஓர் உருவமாக்கினார்: காட்டுக் குடிசையில் ராட்டை சுற்றிக்கொண்டு மனித வாழ்வு வீண் என்று பாடும் வெளுத்த ஆவி. குடிசை மறைந்ததும் பின்னால் எலும்பும் கவசமும் குவிந்து கிடக்கின்றன. இதற்கு முன்பும் பலர் இதே ஆருடத்தைக் கேட்டு இதே வழியில் போனவர்கள் என்று தெரிந்துவிடுகிறது. மேலே சொன்ன பொறி ஞாபகம் இருக்கிறதல்லவா, இந்தக் குவியலும் அதன் பகுதிதான்.

எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். புது உலகம் கேட்கிற அளவுக்கு மாற்றலாம். உங்களுக்குப் போரடிக்கிறது என்பதற்காக மாற்றக் கூடாது. ‘லியர் அரசன்’ கதையோடு பின்னிய ‘ரான்’ (1985) படத்தில் மூன்று மகள்கள் மூன்று மகன்கள் ஆகிவிட்டார்கள். போர்க்காலப் பிரபு தன் கோட்டைகளைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நம்பும்படி இருக்காது. அது எளிய மாற்றம். பெரிய மாற்றம் வேறு. லியர் முன்பு எப்படிப்பட்ட ராஜாவாக இருந்தான் என்று ஷேக்ஸ்பியர் அதிகம் சொல்வதில்லை. குரோசவா தன் கிழவன் ஹிதெதோராவுக்கு ஒரு கடந்தகாலம் கொடுத்தார்: எரித்த கோட்டைகள், கொன்ற குடும்பங்கள், கண்ணைப் பிடுங்கி உயிரோடு விட்ட ஒரு சிறுவன். மூத்த மருமகள் கயெதே அவன் அழித்த வீட்டில் பிறந்தவள். கிழவன் மேல் நமக்கு வரும் இரக்கம் உடனே சிக்கலாகிறது. இப்படிப்பட்ட மாற்றம்தான் மூலத்தைப் புதிதாகப் படித்ததற்கு அடையாளம். என் கணக்கில் ‘ரான்’ இந்த விஷயத்தில் ‘குமோனோசு ஜோ’வைவிடத் துணிச்சலானது, அதைவிடச் சீரற்றதும்கூட.

‘மேக்பெத்’ என்று சொல்லிக்கொள்ள எது மிச்சம் இருக்க வேண்டும் என்றால், என் பட்டியல் சின்னது. திறமையான ஒருவன், அவனுக்கு ஓர் ஆருடம், அதை நடத்திக் காட்டச் சொல்லும் மனைவி, ஒரு கொலை, அதை மறைக்க இன்னொரு கொலை, நடக்கவே நடக்காது என்று நம்பிய காடு நடந்து வருவது.

வரிகளையே விட மனமில்லை என்றால் அதுவும் தவறில்லை, ஆனால் அது மேடைக்கான ஆசை. ஜப்பானிய மேடை இயக்குநர் யுகியோ நினாகவா 1980இல் ‘மேக்பெத்’தைச் சாமுராய் காலத்தில் மேடையேற்றினார். ஷேக்ஸ்பியரின் பேச்சை ஜப்பானிய மொழிபெயர்ப்பில் வைத்துக்கொண்டே, மேடை முழுவதையும் ஒரு பெரிய பௌத்த வீட்டுப் பலிபீடமாக்கிச் செர்ரிப் பூக்களை உதிரவிட்டார். அங்கே அது நின்றது. உங்கள் செமஸ்டர் வேலை படம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கதைச்சுருக்கத்தின் முதல் பத்தியில் டங்கன் எப்படிப் பதவிக்கு வந்தான், அவனைக் கொல்வது அந்த ஊரில் என்ன மாதிரியான குற்றம் என்று மட்டும் எழுதுங்கள். பத்து நிமிடக் காட்சிக்கு விருந்துக் காட்சியை எடுங்கள். கொலை இரவை எடுத்தால் குரோசவாவின் நிழல் விழாமல் தப்பிப்பது கஷ்டம். முதல் டிராஃப்டை வசனமே இல்லாமல் எழுதிவிட்டு, அது இல்லாமல் கதை புரியவே புரியாது என்கிற இடத்தில் மட்டும் ஒரு வரி சேருங்கள். மேக்பெத் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவியை விருந்தில் காட்டுவதா, காலி இருக்கையை மட்டும் காட்டுவதா என்பதை விருந்தினர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற படத்தை வரைந்தபின் முடிவு செய்யுங்கள்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்தவர், அவர் நாடகம் பொதுச்சொத்து. குரோசவா குழுவினர் புதிதாகச் சேர்த்தவை அப்படி இல்லை. மிகியின் மகனை வாரிசாக்கலாம் என்று வாஷிசு நினைக்கும் நேரத்தில் அசாஜி தான் கருவுற்றிருப்பதாகச் சொல்வதும், அந்தக் குழந்தை செத்துப் பிறப்பதும், சொந்த ஆட்களின் அம்பும் நாடகத்தில் கிடையாது. அவற்றை ஷேக்ஸ்பியருடையவை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். குரோசவாவின் ‘யோஜிம்போ’ (1961) கதையை அனுமதி வாங்காமல் இத்தாலியில் கவ்பாய் படமாக்கியபோது ஜப்பானியப் படநிறுவனமான தோஹோ விடவில்லை. விவகாரம் பணம் கொடுத்துத்தான் தீர்ந்தது. வகுப்பறைப் பயிற்சிக்கு யாரும் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் பின்னால் இதைக் குறும்படமாக எடுத்து விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், எது நாடகம், எது படம் என்று இப்போதே இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.