களத்தின் இரண்டு கதவுகள்

அன்புள்ள ஐயாவுக்கு,

நானும் என் கணவரும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஒரு பழைய பண்ணையை வாங்கினோம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, 18ஆம் நூற்றாண்டில் ஓக் மரத்தால் கட்டப்பட்ட பார்னை, அதாவது கதிரும் தானியமும் வைக்கும் பெரிய பண்ணைக் கட்டடத்தை மட்டும் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வைக்க ஆசை. ‘களஞ்சியம்’ பொருத்தமாக இருக்குமா என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இன்னும் சில குழப்பங்கள் உண்டு. சென்ற ஆகஸ்டில் முதல் தமிழ்த் திருமணம் நடந்தது. கெட்டிமேளம் தொடங்கியதும், ஒலி அளவைக் கண்காணிக்கும் சவுண்ட் லிமிட்டர் கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. உள்ளே ஹோமம் வளர்க்க அனுமதிக்கவில்லை என்று பெண் வீட்டார் மிகவும் வருந்தினார்கள். தமிழ்த் திருமணங்களே வேண்டாம் என்கிறார் கணவர். கூரையின் பழைய கட்டைகள் தெரியாமல் வெள்ளைத் துணி கட்டலாமா என்றும் யோசிக்கிறோம். பார்னின் பின்கதவை ஒட்டிப் பொது நடைபாதை போகிறது. தன் தகப்பனார் இங்கே வேலை செய்ததாகச் சொல்லும் ஒரு முதியவர், திருமண நாட்களில் நாயோடு வந்து அந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார், புகைப்படங்களில் விழுகிறார். அந்தக் கதவை அடைத்துச் சுவராக்கி அங்கே பார் அமைத்துவிடலாம் என்று நினைக்கிறோம்.

பெயரை மட்டுமாவது சொல்லுங்கள்.

எசெக்ஸிலிருந்து ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

வழக்கமாகப் பெயர் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தை ஒதுக்கிவைக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு செல்ம்ஸ்ஃபோர்டில் இருக்கும் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, உங்கள் ஊருக்கு அதிக தூரமில்லாத கிரெஸ்ஸிங் டெம்பிளுக்குப் போயிருந்தேன். அங்கே 13ஆம் நூற்றாண்டில் டெம்ப்ளர் சபையினர் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகளுக்காகக் கட்டப்பட்ட இரண்டு பார்ன்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றுக்கு வாற்கோதுமைப் பார்ன் என்றும் மற்றொன்றுக்குக் கோதுமைப் பார்ன் என்றும் பெயர். அவற்றின் நடுவில் நின்றபோது, இதை இதற்கு முன்பே எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்த பிறகுதான் எங்கே என்று தெரிந்தது. கூரை போட்ட எங்கள் களம் அது. அன்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருப்பதை உங்கள் கடிதம் கிளறிவிட்டது.

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வெள்ளைத் துணி வேண்டாம். அந்தக் கட்டைகள் சந்திக்கும் மூட்டுகளில், எது எதோடு சேர வேண்டும் என்பதற்காகத் தச்சர்கள் உளியால் கீறிய ரோமன் எண்கள் இருக்கின்றனவா என்று ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். இருந்தால், துணிக் கடைக்குப் போகும் எண்ணம் தானாகவே போய்விடும். ஹோமத்தைப் பொறுத்தவரை நீங்கள் செய்ததே சரி. இருநூறு, முந்நூறு ஆண்டு காய்ந்த மரத்தின் கீழே நெருப்பு வளர்க்க யாரும் சம்மதிக்கக் கூடாது. முற்றத்தில் ஒரு சிறிய பந்தல் போட்டு அங்கே வளர்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் பந்தல் வாசலில்தான் போட்டார்கள். தவில் மைக் இல்லாமலேயே அந்தக் கருவியின் சிவப்பு விளக்கை எரியவைக்கும். அதற்காகத் தவிலைக் குறை சொல்ல முடியாது. அதை முற்றத்தில் பகலில் வாசிக்க வைப்பதற்கு உங்கள் கவுன்சிலிடமும் அண்டை வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். சமையலறையும் விளக்குகளும் அந்தக் கருவியோடு சேராதபடி இணைப்பைப் பிரித்துத் தர முடியுமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இதற்காகத் தமிழர்களே வேண்டாம் என்று முடிவெடுப்பதா? உங்கள் கணவரிடம் நான் கோபித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் பதிவு அலுவலகத்துக்கு வெளியே, அனுமதி பெற்ற கட்டடங்களில் சிவில் திருமணம் நடத்தலாம் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 1995 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற இடங்கள் இன்று இவ்வளவு பெருகியிருப்பதற்கு அதுவே பெரிய காரணம். ஆனால் அந்த அனுமதி சமயச் சடங்கு கலவாத சிவில் திருமணத்துக்கு மட்டுமே. உங்கள் பார்னில் ஐயர் மந்திரம் சொல்லித் தாலி கட்டுவது குடும்பத்தின் கண்ணிலும் ஊரின் கண்ணிலும் திருமணம். அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அதனால் மட்டும் எதுவும் நடந்துவிடவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோருக்கு இது புரியாது. இங்கே சுயமரியாதைத் திருமணம் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டப்படி செல்லும் என்றாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டதால், உறவினர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். சிவில் பதிவு தனியாக நடந்ததா என்று முன்பணம் வாங்கும்போதே கேட்டு, அதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பெண் வக்கீல் முன்னால் உட்கார்ந்து, தனக்குச் சட்டப்படி கணவனே இருந்ததில்லை என்று கேட்டுத் திகைக்கும் நிலை உங்கள் இடத்திலிருந்து தொடங்கக் கூடாது.

இனி அந்தப் பின்கதவு. பழைய பார்ன்களில் ஏன் பெரும்பாலும் எதிரெதிராக இரண்டு பெரிய கதவுகள் இருக்கின்றன என்று நீங்கள் யாரிடமாவது கேட்டீர்களா? முன்கதவு உயரமாக இருக்கும்; கதிர்க்கட்டுகள் குவித்த வண்டி அப்படியே உள்ளே வரும். பின்கதவு பல இடங்களில் தாழ்வாக இருக்கும். வெறும் வண்டி அந்த வழியாக வெளியே போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பலகைத் தரை களம். இருபுறமும் உள்ள கண்ணறைகளில் கதிரை அடுக்கிவைத்து, தோல்வாரால் இணைத்த இரண்டு கோல்களைக் கொண்டு குளிர்காலம் முழுவதும் அந்தத் தரையில் அடித்தார்கள். பிறகு இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் நடுவே பாயும் காற்றில் தூற்றலாம். உமி பறந்துபோகும், மணி காலடியில் விழும். நெல்லைப் போட்டுவைக்கும் களஞ்சியம் அதில் ஒரு பாதி மட்டுமே. மழை விடாத நாட்டில் காற்றுக்கு வழி வைத்துக் கட்டிய களம் அது. அதில் ஒரு கதவை அடைத்தால் உங்களிடம் மிஞ்சுவது பழைய மரத்தாலான ஒரு மண்டபம். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் கதவை அடைப்பது குற்றமும் ஆகும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து நீங்கள் அதை விட்டுவைத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு மகிழ்ச்சி இருக்காது.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் களம் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. தை மாதத்தில் அறுத்து அடித்துப் போட்ட பிறகு, காற்றுக்காகக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. ஆட்கள் முறத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பனையோலை அசைகிறதா என்று பார்த்தபடி நிற்பார்கள். காற்று வந்ததும் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். மரக்காலால் அளக்கும்போது முதல் எண்ணை ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று பாடி, இரண்டு, மூன்று என்று தொடர்வார்கள். தூசி படிந்த அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தக் களத்தில்தான் என் அக்காவின் திருமணம் நடந்தது. வீட்டில் இடம் போதாது. பங்குனியில் களம் காலியாக இருந்தது. எங்களிடம் முப்பது ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், மனைவியோடு சேர்ந்து மூன்று நாள் அந்தத் தரையைச் செப்பனிட்டார். வெடிப்புகளில் களிமண் அடைத்து, தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் தட்டி, சாணம் கரைத்து மெழுகினார்கள். தரை கண்ணாடி போல இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் வியந்தார்கள். முகூர்த்தத்தன்று அவர் பந்தலுக்குள் வரவில்லை. வர முடியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பனைமரத்தின் கீழே, சாப்பாடு வாங்கிப் போவதற்கு ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தாலி கட்டும்வரை நின்று பார்த்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. படம் எடுக்க வந்தவர் கையை ஆட்டி அவரைச் சற்று நகரச் சொன்னார். அவர் மரத்துக்குப் பின்னால் போனார். அக்காவின் ஆல்பத்தில் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பனைமரம் இருக்கிறது, தரை பளபளக்கிறது, அவர் இல்லை. என் தந்தை நல்லவர் என்று ஊரே சொல்லும். அவருக்கும் அன்று அதில் தவறு எதுவும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்த முதியவரைப் பற்றிய வரிகளைப் படித்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

உங்கள் பகுதியில் களத்தின் வேலை எப்படிப் போனது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1786 வாக்கில் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அது பண்ணைகளுக்குப் பரவியபோது, நிலத்தில் வேலையில்லாத குளிர்காலத்தில் பார்னுக்குள் கிடைத்துவந்த கூலி போயிற்று. 1830இல் கென்ட் பகுதியில் தொடங்கித் தென்கிழக்கு இங்கிலாந்து முழுவதும் கூலியாட்கள் அந்த இயந்திரங்களை உடைத்தார்கள். ஸ்விங் கலகம் என்று அதைச் சொல்கிறார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்கள் கேட்டது குளிர்காலத்தில் களத்தில் நின்று செய்யும் வேலையையும் அதற்கான கூலியையும்தான். பிறகு வயலிலேயே அறுத்து அடிக்கும் இயந்திரம் வந்தது. அது பார்னின் கதவுக்குள் நுழையாது, நுழைய வேண்டிய தேவையும் இல்லை. இப்படி வெறுமையான கட்டடத்தில்தான் இன்று நீங்கள் விளக்குச் சரங்களைத் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

அதை நான் குறை சொல்லவில்லை. காலியாக இருந்தால் கூரை இறங்கிவிடும். திருமணங்களால் ஒரு கட்டடம் பிழைக்குமானால் மிகவும் நல்லது. ஆனால் ‘ரஸ்டிக்’, கிராமத்துப் பழமை, என்று சொல்லி நீங்கள் விற்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். தேய்ந்த பலகை, கறுத்த தூண், கதவில் கைபட்டு வழவழப்பான இடம், இவற்றுக்காகத்தான் இளம் தம்பதிகள் அவ்வளவு தூரம் வருகிறார்கள். அந்தத் தேய்மானம் முழுவதும் யாரோ ஒருவருடைய உழைப்பு. அந்த ஆட்களில் ஒருவருடைய மகன் வாசலில் வந்து நிற்கும்போது, படத்தில் விழுகிறார் என்று சுவர் எழுப்புகிறீர்கள். அவருடைய அப்பாவின் கைபட்ட வழவழப்பு வேண்டும், அவர் வேண்டாம் என்பது என்ன நியாயம்? இது உங்களுக்கு உறைக்காமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் கனிவைப் பார்த்தால், யாராவது சொல்லியிருந்தால் நீங்களே உணர்ந்திருப்பீர்கள் என்றும் தோன்றுகிறது.

அந்த நடைபாதை பொதுவழி. அவர் அந்த வழியாக வருவதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. திருமணம் இல்லாத ஒரு நாளில் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்து அவரை உள்ளே அழையுங்கள். தேநீர் கொடுங்கள். கதவு நிலையின் அடியில், இருபுறமும், ஒரு பலகையைச் செருகுவதற்கான காடி இருக்கும். தானியம் வெளியே சிதறாமலும் கோழியும் பன்றியும் உள்ளே நுழையாமலும் இருப்பதற்காக வைத்த தடுப்பு அது. உங்களுடையதில் அது எங்கே இருந்தது, அந்தப் பலகையை அவருடைய வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், பார்னுக்கே ஊரில் என்ன பெயர் வழங்கியது என்று கேளுங்கள். முகட்டுச் சுவரில் கூகை வந்துபோகத் துளை விட்டிருந்தார்களா என்றும் கேளுங்கள். எலிக்காக அதை விரும்பி வரவேற்ற ஊர் அது.

பெயரைப் பற்றி அவரிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.